வௌவால்களைக் கவனிப்பது எப்படி: பகல் தடயம் முதல் இரவுக் கணக்கு வரை

வௌவால் பார்க்க ஆசைப்படுகிறவர்களில் பலர் தலைகீழாகத்தான் தொடங்குகிறார்கள். முதலில் வௌவால் ஒலியைக் கேட்க ஒரு கருவியை வாங்கிவிடுவார்கள். அப்புறம் இருட்டிய பிறகு எங்காவது போய் நிற்பார்கள். தலைக்கு மேல் ஏதோ சர்ரென்று போகும். என்ன போனது, எங்கிருந்து வந்தது, எதற்காக வந்தது என்று ஒன்றும் விளங்காது. இரண்டு இரவு இப்படிப் போனால் ஆசையும் போய்விடும்.

வரிசையை மாற்றினால் போதும். பகலில் தடயம், அந்தியில் எண்ணிக்கை, அதன் பிறகு ஒலி, மறுநாள் காலையில் மரத்தடி. வௌவால் இயற்கையில் என்ன வேலை செய்கிறது என்பதை நேரில் பார்க்க இதுதான் சுருக்கமான வழி. பணம் செலவாகும் படி மூன்றாவதாகத்தான் வருகிறது. அதைச் செய்யாமல் விட்டாலும் பாதிக்கு மேல் தெரிந்துவிடும்.

1. எந்தக் கூட்டம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

உலகில் 1,400-க்கும் மேற்பட்ட வௌவால் இனங்கள் உண்டு. பாலூட்டி இனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இவைதான். அத்தனையையும் பெயர் சொல்லி அடையாளம் காண்பது தொடக்கத்தில் தேவையில்லாத சுமை. பழமும் தேனும் உண்பவை, பூச்சி உண்பவை என்று இரண்டாகப் பிரித்தாலே போதும்.

ஏன் இது முதல் படி? தங்கும் இடம், கிளம்பும் நேரம், எழுப்பும் ஒலி, விட்டுச்செல்லும் மிச்சம் எல்லாமே இதைப் பொறுத்து மாறும். ஆசியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியாவின் பழந்தின்னி வௌவால்களுக்குப் பெரிய கண், நாய் போன்ற முகம், சாதாரணக் காது. அவற்றில் பெரியவை உயரமான மரங்களில் பகலெல்லாம் வெளிப்படையாகத் தொங்கும். பூச்சியுண்ணும் வௌவால்களுக்குக் கண் சிறிது, காது பெரிது. சிலவற்றுக்கு மூக்கின் மேல் இலை போன்ற தோல்மடிப்பு இருக்கும். இவை குகை, சுவர் விரிசல், கூரை இடுக்கு, மரப்பொந்து போன்ற இடங்களில் ஒளிந்திருக்கும்.

இங்கேயே ஒரு தவறான எண்ணத்தைக் கழற்றி வைத்துவிடலாம். வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது பொய். எந்த வௌவால் இனமும் குருடு இல்லை. ஒலி எழுப்பி, அது பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு வழியும் இரையும் அறிவது பல வௌவால்களின் வழக்கம். பழந்தின்னிகளில் பெரும்பாலானவை அதை நம்புவதே இல்லை. கண்ணையும் மூக்கையும் வைத்துத்தான் பழத்தைக் கண்டுபிடிக்கின்றன. குகையில் தங்கும் சில இனங்கள் மட்டும் நாக்கைச் சொடுக்கி எதிரொலி கேட்கும். அமெரிக்கக் கண்டங்களில் பழம் தின்னும் வௌவால்கள் வேறு குடும்பம். அவை எதிரொலியைப் பயன்படுத்துபவை.

இரத்தம் குடிக்கும் வௌவால் பற்றிக் கேட்காத புதியவரே இல்லை. மொத்தமே மூன்று இனங்கள், மூன்றும் மெக்சிகோ, மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளில். மேலே போகலாம்.

2. கிளம்பும் முன்: பாதுகாப்பும் பையும்

வௌவாலை வெறுங்கையால் தொடக் கூடாது. இறந்து கிடந்தாலும், குட்டியாக இருந்தாலும் இதே விதிதான். வௌவால்கள் எல்லாம் நோய் பிடித்தவை என்பதில்லை. ஆனால் சிலவற்றிடம் ரேபிஸ் போன்ற வைரஸ்கள் இருக்கக்கூடும். சிறிய வௌவால் கடித்தால் தடம் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் உடனே சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். காயம் சிறியது என்று காத்திருக்கக் கூடாது. ரேபிஸ் அறிகுறி தெரிந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம்.

குகைக்குள் நுழையாதீர்கள். இதற்கு மூன்று காரணங்கள். உலர்ந்த எச்சத்தின் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூஞ்சை இருக்கலாம். கூட்டம் கலைந்தால் தாயின் மேல் தொங்கும் குட்டிகள் கீழே விழும். குளிர்நாடுகளில் குளிர்கால உறக்கத்தில் இருப்பவை விழித்துக்கொண்டால், வசந்தம்வரை தாங்க வேண்டிய கொழுப்பை வீணாக்கிவிடும். வெண்மூக்கு நோய் என்ற பூஞ்சைத் தொற்று வட அமெரிக்காவில் 2006-இல் தென்பட்டது. அதன்பின் கோடிக்கணக்கில் இல்லாவிட்டாலும் பல லட்சம் வௌவால்களைக் கொன்றது. ஒரு குகையிலிருந்து இன்னொரு குகைக்கு அந்தப் பூஞ்சை மனிதர்களின் காலணியிலும் ஒட்டிப் போகும். வெளியே நின்றே நமக்கு வேண்டியது அத்தனையும் கிடைத்துவிடும்.

பையில் போடவேண்டியவை: சிவப்பு ஒளி டார்ச், நோட்டு, பென்சில், அழுத்தினால் எண் ஏறும் கை எண்ணி, கையுறை, மாஸ்க், டிஷ்யூ காகிதம், பூதக்கண்ணாடி, ஒரு பழைய வெள்ளை விரிப்பு. பேனா வேண்டாம், பனியில் எழுதாது. வெள்ளை டார்ச்சை வாயிலை நோக்கி ஒருமுறை அடித்தாலே வெளியேற இருந்த கூட்டம் உள்ளே பின்வாங்கும், அன்றைய கணக்கு கெட்டுப்போகும். சிவப்பு ஒளி தொந்தரவைக் குறைக்கும். அதையும் தரையை நோக்கியே பிடியுங்கள்.

இடம் தனியாருடையது என்றால் அனுமதி கேளுங்கள். பல நாடுகளில் வௌவாலின் தங்குமிடத்தைக் கலைப்பதே சட்டப்படி குற்றம்.

3. பகலில் தடயம் தேடுங்கள்

இரவில் எங்கே நிற்பது என்பதைப் பகல்தான் சொல்லும். மரத்தில் தொங்கும் பெரிய கூட்டம் என்றால் சிரமமே இல்லை. சத்தமும் வாடையும் வழிகாட்டிவிடும். சுவரிடுக்கில் இருப்பவைதான் சோதிக்கும். அவற்றுக்கு எச்சத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

சுவரின் அடியிலோ ஜன்னல் விளிம்பிலோ அரிசியளவில் கறுத்த புழுக்கைகள் கிடந்தால், மாஸ்க்கும் கையுறையும் போட்டுக்கொண்டு ஒன்றை டிஷ்யூவில் வைத்து மெதுவாக நசுக்குங்கள். பூச்சியுண்ணும் வௌவாலின் எச்சம் என்றால் பொலபொலவென்று உதிரும். அந்தத் தூளைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள்: வண்டின் ஓட்டுத் துணுக்குகள் பளபளக்கும், முறிந்த கால்கள் தெரியும், சில நேரம் அந்துப்பூச்சியின் செதில்கள் டிஷ்யூவில் வெள்ளிப்பொடியாக ஒட்டும். முந்தைய இரவின் சாப்பாடு கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

உலர்ந்த எலிப்புழுக்கை இப்படி உதிராது, கெட்டியாக இருக்கும். பல்லி எச்சத்தின் ஒரு நுனியில் வெள்ளைப் பகுதி இருக்கும், பறவை எச்சத்திலும் வெள்ளை கலந்திருக்கும். வௌவால் எச்சத்தில் வெள்ளை கிடையாது. புதியவர்கள் தடுமாறுவது எலியிடமும் பல்லியிடமும்தான், அதனால் நசுக்கிப் பார்க்காமல் முடிவு கட்டாதீர்கள்.

எச்சத்துக்கு நேர் மேலே நிமிர்ந்து பாருங்கள். விரிசலின் வாயில் உடல் உராய்ந்து உராய்ந்து எண்ணெய்ப் பிசுக்காய்க் கறுத்திருந்தால் அதுதான் வாசல். ஒரு கட்டைவிரல் நுழையும் இடைவெளி சிறிய இனங்களுக்குத் தாராளம். ஒரே கட்டடத்துக்கு இரண்டு மூன்று வாசல்கள் இருப்பது சகஜம். எல்லாப் பக்கமும் சுற்றி வந்து, நோட்டில் ஒரு கோட்டுப்படம் போட்டு வாசல்களுக்கு எண் கொடுத்துவிடுங்கள். கண்டுபிடித்த உற்சாகத்தில் விரிசலுக்குள் குச்சி விட்டுப் பார்ப்பது மட்டும் வேண்டாம்.

4. வானம் பின்னணியில் வரும்படி இடம் பிடியுங்கள்

அந்தியில் கறுப்புச் சுவரின் முன்னால் பறக்கும் கறுத்த வௌவால் தெரியாது. வெளிச்சம் மிச்சமிருக்கும் வானத்தின் முன்னால் பறந்தால் துல்லியமாகத் தெரியும். ஆகவே வாசல் தெரிய வேண்டும், வாசலை விட்டதும் அது பறக்கும் பாதையின் பின்னால் வானமும் இருக்க வேண்டும். பெரும்பாலும் வாசலுக்கு நேர் எதிரே நிற்பதைவிடப் பக்கவாட்டில், சற்றுத் தாழ்வாக உட்கார்ந்தால் இது அமையும்.

பறக்கும் பாதையின் குறுக்கே நிற்காதீர்கள். தொங்கும் வௌவால்கள் விழுந்துதான் சிறகு விரிக்கின்றன. காலின் தசைநாண் தானாகப் பூட்டிக்கொள்வதால் தொங்குவதற்கு அவற்றுக்குச் சக்தி செலவில்லை. பூட்டை விட்டதும் விழுகிற வேகமே பறப்பைத் தொடங்கி வைக்கும். அதனால் வாசலுக்குக் கீழே சில அடிவரை காலியாக இருக்க வேண்டும். ஏணியையோ வண்டியையோ அங்கே நிறுத்தினால் அவை கிளம்பவே தயங்கும்.

5. அந்தியில் எண்ணுங்கள்

சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பே உட்கார்ந்துவிடுங்கள். சில இனங்கள் வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பும், சில நன்றாக இருட்டிய பிறகுதான் தலைகாட்டும். முன்கூட்டியே இருந்தால் கண்ணும் இருட்டுக்குப் பழகும். செல்போன் திரையை ஒருமுறை பார்த்தாலே அந்தப் பழக்கம் கலைந்துவிடும். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம் போதும்.

முதலில் நோட்டில் நாள், சூரியன் மறையும் நேரம், வெப்பநிலை, காற்று, மேகம் ஆகியவற்றை எழுதுங்கள். எண்ணத் தொடங்கிய பிறகு இதற்கெல்லாம் கை ஒழியாது. இந்தக் குறிப்பு இல்லாத கணக்கு பிற்பாடு பயன்படாது. மழையிலும் பலத்த காற்றிலும் பல வௌவால்கள் வெளியே வராது. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் பூச்சிகளே குறைவாகத்தான் பறக்கும், அப்புறம் வௌவாலுக்கு வெளியே என்ன வேலை? அப்படிப்பட்ட இரவில் ஐந்துதான் வந்தது என்றால் கூட்டம் அழிந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

ஒவ்வொன்று வெளியே வரும்போதும் எண்ணியை அழுத்துங்கள். உள்ளே திரும்புவதைத் தனியாகக் குறித்துக் கடைசியில் கழியுங்கள். பலரின் கணக்கு ஊதிப்போவது இதனால்தான்: ஒரே வௌவால் வெளியே வந்து, ஒரு வட்டமடித்து, உள்ளே போய், மறுபடி வந்தால் அது இரண்டாகப் பதிவாகும். கண் வாசலை விட்டு அகலக் கூடாது. பறந்து போவதன் அழகைப் பின்தொடர்ந்தால் அடுத்த நான்கைத் தவறவிடுவீர்கள்.

ஒரு வாசலுக்கு ஒரு ஆள். இரண்டு வாசலை ஒருவரே பார்த்தால் இரண்டுமே தவறும். பத்து பத்தாகக் கொட்டும் பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. பத்து வௌவால் என்பது கண்ணுக்கு எவ்வளவு பெரிய கொத்து என்று முதலில் பழகிக்கொண்டு, கொத்துகளை எண்ணுங்கள். கூடவே ஒரு வீடியோவும் ஓடட்டும், வீட்டில் நிறுத்தி நிறுத்திச் சரிபார்க்கலாம். அமெரிக்காவின் டெக்சஸிலுள்ள பிராக்கன் குகையில் கோடைக்காலத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் வௌவால்கள் தங்குகின்றன. அங்கே எண்ணியும் உதவாது, கொத்தும் உதவாது.

பத்து நிமிடம் எதுவும் வெளிவரவில்லை என்றாலோ, வாசல் கண்ணுக்குத் தெரியாமல் போனாலோ நிறுத்துங்கள். எதனால் நிறுத்தினீர்கள் என்பதையும் எழுதுங்கள். இருட்டினால் நிறுத்திய கணக்கு முழுக்கணக்கு அல்ல.

அந்தியில் பறப்பதெல்லாம் வௌவால் அல்ல என்பதையும் நினைவில் வையுங்கள். உழவாரக் குருவிகளும் அதே நேரத்தில் அதே பூச்சிகளுக்காக வட்டமிடும். அவை சிறகை விறைப்பாக நீட்டிச் சற்று தூரம் வழுக்கிப் போகும். பூச்சி பிடிக்கும் வௌவால் படபடவென்று அடித்து, சட்டென்று திசை மாறும்.

மறுபடி எண்ணும்போது அதே இடம், அதே நேரம், அதே போன்ற வானிலையைத் தேர்ந்தெடுங்கள். குட்டிகள் பறக்கத் தொடங்கும் முன் ஒரு கணக்கு எடுத்துவிட்டால் நல்லது. சிறிய இனக் குட்டிகள் பிறந்த மூன்று முதல் ஆறு வாரத்தில் பறக்கத் தொடங்கும். அதன்பின் எண்ணிக்கை திடீரென்று ஏறும். அதைக் கூட்டம் பெருகிவிட்டதாகப் படித்துவிடக் கூடாது.

ஆண்டுக்கு ஆண்டு எண்ணச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான இனங்கள் ஆண்டுக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும். உடல் சிறிது, ஆனால் ஆயுள் நீளம்: சைபீரியாவில் வளையமிட்ட ஒரு பிராண்ட் வௌவால் 41 ஆண்டுகள் கழித்து உயிருடன் கிடைத்தது, அதன் எடை ஏழு கிராம் போலத்தான். இப்படி மெதுவாகப் பெருகும் ஒரு கூட்டத்தில் பாதி போய்விட்டால், பழைய நிலைக்கு வரப் பல்லாண்டு ஆகும். எலியைப் போல அடுத்த பருவத்தில் நிரம்பிவிடாது.

6. இப்போது ஒலி

எந்த வாசலிலிருந்து எத்தனை, எப்போது என்று தெரிந்த பிறகு கருவியை எடுங்கள். பார்ப்பதும் கேட்பதும் ஒரே வௌவாலாக இருந்தால்தான் காது பழகும்.

நம் காதுக்கு எட்டுவது 20 கிலோஹெர்ட்ஸ் வரை. பூச்சியுண்ணும் வௌவால்களின் ஒலி பெரும்பாலும் அதற்கு மேலே, 100-ஐத் தாண்டியும் போகும். சாதாரண செல்போன் நொடிக்கு 44,100 அல்லது 48,000 மாதிரிகள்தான் எடுக்கும். அதில் பாதிவரை உள்ள அதிர்வெண்தான் பதிவாகும், அதாவது 24 கிலோஹெர்ட்ஸ்கூட முழுதாகக் கிடைக்காது. வெறும் ஆப் ஒன்றை இறக்கிவைத்துக்கொண்டு வௌவால் கேட்கவில்லையே என்று வருந்துபவர்களுக்கு இதுதான் பதில். நம் காதுக்கு எட்டாத இந்த உயர்ந்த ஒலிக்கு மீயொலி என்று பெயர்; அதற்குத் தனி மைக் வேண்டும். நொடிக்கு 2,56,000 அல்லது 3,84,000 மாதிரிகள் எடுப்பவை வழக்கமானவை.

மீயொலியை நம் காதுக்கு எட்டும்படி மாற்றித் தரும், டயல் திருகும் எளிய டிடெக்டர் என்றால் 40 முதல் 45 கிலோஹெர்ட்ஸில் தொடங்குங்கள், பல சிறிய இனங்கள் அந்தப் பக்கத்தில் கேட்கும். கருவி வேலை செய்கிறதா என்று பார்க்கச் சாவிக்கொத்தைக் குலுக்குங்கள்; அதிலும் மீயொலி உண்டு. ஒன்று கேட்டதும் டயலை மெல்லக் கீழே நகர்த்தி, ஒலி வறண்ட சொடுக்கிலிருந்து கனத்த, ஈரமான தட்டலாக மாறும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் இனத்தை நெருங்க உதவும்.

காத்திருக்க வேண்டிய கணம் ஒன்று உண்டு. டக்… டக்… டக்… என்று சீராக வரும் ஒலி திடீரென்று நெருங்கி, டகடகடக என்று ஓடி, பர்ர்ர் என்று முடியும். பூச்சியைக் கண்டு, துரத்தி, பிடிக்கப் பாய்ந்தது அது. தேடும்போது நொடிக்குப் பத்து போல இருக்கும் துடிப்புகள் அந்தப் பாய்ச்சலில் 200-ஐ நெருங்கும். ஒரு மணி நேரத்தில் எத்தனை பர்ர்ர் என்று எண்ணினால், அந்த இடத்தை வௌவால் வெறும் வழியாகப் பயன்படுத்துகிறதா, வேட்டைக்களமாகவா என்று தெரிந்துவிடும். எல்லாப் பாய்ச்சலும் வெற்றி பெறுவதில்லை, ஆகவே பிடித்த பூச்சிக் கணக்காக அதை எழுதாதீர்கள்.

ஒலி கேட்கவில்லை என்பதால் வௌவால் இல்லை என்று எழுதுவது இந்தப் படியின் பெரிய பிழை. இலையிலிருந்து பூச்சியைப் பொறுக்கும் இனங்கள் மிக மெல்லக் கூவும். சில அடி தள்ளி நின்றாலே கருவிக்கு எட்டாது. பழந்தின்னிகளில் பெரும்பாலானவை இதில் வரவே வராது. மறுபக்கம், வெட்டுக்கிளி வகைகள் இரவெல்லாம் மீயொலி எழுப்பும். இடைவிடாமல், ஒரே இடத்திலிருந்து வந்தால் அது பூச்சி. தானாக இனம் சொல்லும் மென்பொருளை ஒரு யோசனையாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

7. காலையில் மரத்தடிக்குப் போங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு உறங்கப் போகிறவர்கள்தான் அதிகம். வௌவாலின் வேலை தெரிவது இங்கேதான்.

அத்தி, ஆல் போன்ற மரம் பழுத்திருந்தால், மாலையிலேயே வெள்ளை விரிப்பை அடியில் விரித்துக் கல் வைத்துவிடுங்கள். காலையில் அதில் மூன்று வகைப் பொருள் கிடைக்கும். முதலாவது, தட்டையாக நசுங்கிய சக்கை. பழந்தின்னி பழத்தை மேலண்ணத்தில் வைத்து அழுத்திச் சாற்றை விழுங்கிவிட்டு நாரைத் துப்பும். உற்றுப் பார்த்தால் அண்ணத்தின் வரிகள் சக்கையில் பதிந்திருக்கும். இரண்டாவது, குழகுழப்பான எச்சம், அதில் மணல் போலச் சிறு விதைகள். மூன்றாவது, பாதி தின்று விழுந்த பழம். இதைத் தின்பதோ வெறுங்கையில் தொடுவதோ கூடாது, எச்சிலில் நிபா போன்ற வைரஸ் இருக்க வாய்ப்புண்டு.

அடுத்து, பழுக்காத மரங்களின் அடியிலும் பாருங்கள். ஒரு மரத்தின் கீழே அந்த மரத்துக்குச் சம்பந்தமே இல்லாத விதைகள் குவிந்து கிடந்தால், அது வௌவால் பழத்தைத் தூக்கிவந்து நிதானமாகத் தின்னும் இடம். பெரிய விதை இப்படிப் பயணப்படுகிறது. சிறிய விதை வயிற்றுக்குள் போய்ப் பயணப்படுகிறது. பழந்தின்னியின் குடலை உணவு அரை மணி நேரத்துக்குள் கடந்துவிடும், பறந்துகொண்டே எச்சமிடுவதும் வழக்கம். பறவைகள் பெரும்பாலும் கிளையில் அமர்ந்து எச்சமிடுவதால் விதை மரத்தடியிலேயே விழும். வௌவாலின் விதையோ மரமே இல்லாத வெட்டவெளியிலும் விழும். காடு அழிந்த இடத்தில் மறுபடி முளைவிடுவதற்கு இந்த வேறுபாடு பெரிய காரணம்.

பூவைப் பார்க்க விரும்பினால் இரவில் மலர்பவற்றைத் தேடுங்கள்: வெளிறிய நிறம், கனத்த வாடை, இலைக்கூட்டத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும் காம்பு. இலுப்பை, இலவம், காட்டுவாழை, பெருக்கமரம், துரியன் இந்த வகை. வௌவால் ஒரு பூவில் ஓரிரு நொடிதான் இருக்கும். முகத்திலும் மார்பிலும் மகரந்தத்தை அப்பிக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போய்விடும்.

பூச்சியுண்பவற்றுக்கும் மரத்தடி, தாழ்வாரத்தடி உண்டு. சில இனங்கள் பெரிய பூச்சியைப் பிடித்து வழக்கமான ஓர் இடத்தில் போய்த் தொங்கி, சிறகைப் பிய்த்துப் போட்டுவிட்டு உடலை மட்டும் தின்னும். ஓரிடத்தில் கொத்தாக அந்துப்பூச்சிச் சிறகுகளும் வண்டின் மேலோடுகளும் கிடந்தால் அதுதான். அவற்றைக் காகிதத்தில் ஒட்டி வைத்தால் உணவுப்பட்டியல் தயார், பல நேரம் அதில் பயிரைக் கெடுக்கும் பூச்சிகளும் இருக்கும்.

8. எண்ணைப் பெருக்காதீர்கள்

ஒரு வௌவால் மணிக்கு ஆயிரம் கொசு தின்னும் என்று பல இடங்களில் எழுதியிருப்பார்கள். அடைத்த அறையில் கொசுவை நிறையப் பறக்கவிட்டு, சில நிமிடம் பிடித்ததை மணிக்கணக்காகப் பெருக்கியதில் வந்த எண் அது. வெட்டவெளியில் வௌவால் கிடைத்ததைத் தின்னும், கொசுவைவிடக் கொழுத்த அந்துப்பூச்சி லாபம். பூச்சியுண்பவை ஒரு இரவில் தம் எடையில் பாதி அளவோ அதற்கு மேலோ தின்னக்கூடியவை, பாலூட்டும் தாய் இன்னும் கூடுதலாக. இதுவே போதுமான ஆச்சரியம்.

வேலையின் அளவு வேண்டுமென்றால் வௌவால் இல்லாமல் போன இடத்தைப் பார்க்கலாம். வெண்மூக்கு நோய் தாக்கிய அமெரிக்க மாவட்டங்களில் விவசாயிகளின் பூச்சிமருந்துப் பயன்பாடு சுமார் 31 சதவீதம் கூடியதாக 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. உங்கள் நோட்டில் எழுதவேண்டியது பார்த்தது மட்டும்: எத்தனை வெளியேறின, எத்தனை பர்ர்ர், விரிப்பில் என்ன கிடந்தது.

9. வௌவால் அறைக்குள் வந்துவிட்டால்

நீங்கள் வௌவால் பார்ப்பது தெரிந்தால் அக்கம்பக்கத்தில் உங்களைத்தான் கூப்பிடுவார்கள், அதனால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள். உள்கதவுகளைச் சாத்தி, வெளியே போகும் ஜன்னலை அகலத் திறந்து, விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிடுங்கள். துடைப்பத்தால் விரட்டினால் சிறகு முறியும், கடியும் கிடைக்கலாம்.

தரையில் கிடந்தால் தடித்த கையுறையுடன், காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியால் மூடி, அடியில் அட்டையைச் செருகித் தூக்குங்கள். உள்ளே பற்றிக்கொள்ள ஒரு துணி, சிறிய மூடியில் கொஞ்சம் தண்ணீர். பிறகு வனத்துறைக்கோ வனவிலங்கு மீட்பு அமைப்புக்கோ சொல்லுங்கள். தூங்கிக்கொண்டிருந்தவர் அறையிலோ சிறு குழந்தையிருந்த அறையிலோ வௌவால் காணப்பட்டிருந்தால், கடி தெரியாவிட்டாலும் மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். அப்படியான நேரத்தில் வௌவாலைப் பறக்கவிடாமல் பெட்டியிலேயே வைத்திருந்தால், அதைச் சோதித்து ஊசி தேவையா என்று முடிவு செய்ய அவர்களுக்கு உதவும்.